அளவுக்கு நின்றவள்

தம்பி வீடு தேடி வந்தாலே சலவையக்காவுக்குத் தெரிந்துவிடும், ஏதோ காரியம் இருக்கிறதென்று. சும்மா வந்துபோகிற ஆளா அவன்? கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாண ஜோடிகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு வியாபாரிகள் சங்கத்தில் செயலாளர். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு நடை தூரம்தான் இருக்கும். ஆனாலும் செருப்பு தேய்ந்துபோகுமே என்று பயந்தவன் மாதிரி, வருஷத்தில் ஓரிரு தடவைதான் அவன் அந்தப் பக்கம் வருவான்.

அன்றைக்கு வந்தவன் உட்காரக்கூட இல்லை. அண்ணாந்து, கதவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான்.

"அக்கா, அது கொஞ்சம் வேணும்."

"எது?"

"கோபுரம்."

"ஓகோ. இத்தனை நாள் அது அங்க இருக்கிறது உன் கண்ணுல படலையாக்கும்" என்றாள் அக்கா. "எதுக்கு?"

நகரசபை கேட்கிறது என்றான். ஊர் நடுவில் நிற்கிற நினைவுக் கோபுரத்துக்கு வயசு நூறு ஆகிறதாம். எந்தக் காலத்திலோ நடந்த சண்டையில் செத்துப்போனவர்களுக்காகக் கல்லால் எழுப்பியது. இப்போது நிற்பது மொட்டைக் கோபுரம். இடி விழுந்து மேல்மாடமும் அதற்கு மேலிருந்த கல் கிரீடமும் சிதறிப் போனதும், நகரசபை சிமெண்டால் ஒரு மூடி போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் அதை 'தொப்பிக்காரன்' என்று கூப்பிடுகிறார்கள். முழுக் கோபுரம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் படத்தில்தான் பார்க்க வேண்டும். நகரசபையில் இருந்த, படம் பிடித்த மூலக் கண்ணாடித் தகடு ஈரத்தில் ஊறிக் கெட்டுப்போயிற்று. மிச்சமிருப்பது இந்த ஒரு பிரதிதான், இவள் வீட்டுக் கதவுக்கு மேலே.

இது எப்படி இவள் வீட்டுக்கு வந்தது என்பது வேறு கதை. கோபுரத்தைப் படம் பிடிக்க நகரசபை ஒரு படக்காரரை அனுப்பியிருந்தது. முக்காலி, கறுப்புத் துணி என்று பெரிய ஏற்பாட்டோடு வந்திருக்கிறார். அப்போது படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், மறைக்கிறோமே என்று ஒதுங்கப் போயிருக்கிறாள். அவர் விடவில்லை. "நகராதேம்மா, அப்படியே நில்லு. ஆள் ஒண்ணு நின்னாத்தான் கோபுரத்தோட உயரம் தெரியும்." அளவுகோலுக்குப் பதிலாக நின்றவள் அவள். நின்றதற்குக் கூலியாக ஒரு பிரதி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த மனுஷர்.

படிக்கட்டின் ஓரத்தில், கையில் துடைப்பத்தோடு, சுண்டுவிரல் உயரத்துக்கு அவள் நிற்பாள். தலையைச் சுற்றி ஒரு துணி கட்டியிருப்பாள். முகம் ஒரு பயறு அளவுதான், ஆனால் முகம்தான். வயிறு முன்னால் தள்ளியிருக்கும். அந்த வயிற்றுக்குள் இருந்தவன்தான் இப்போது கையை நீட்டிக்கொண்டு நிற்கிற இந்த ஸ்டூடியோக்காரன். அவனைப் பெற்ற அன்றைக்கே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் பெரியம்மா அள்ளிக்கொண்டு போய் வளர்த்தாள். வளர்த்தாள் என்றால் சோறு போட்டாள். தம்பியைத் தூக்கியது, குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். கல்யாணம் கில்யாணம் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இடுப்பில் இருந்த தம்பியைக் காட்டியிருப்பாள்.

அம்மாவின் குரல் அக்காவுக்கு நினைவில்லை. மடியின் சூடு கொஞ்சம் நினைவிருக்கிறது. முகம் என்று கேட்டால் படத்தில் இருக்கிற அந்தப் பயறளவு முகம்தான். வேறு ஒரு படம் கிடையாது.

ஸ்டூல் போட்டு ஏறி, படத்தை இறக்கி, முந்தின வாரம் வெளுத்த துணியொன்றில் சுற்றினாள். கொடுக்கும்போது கையை விடவில்லை.

"அம்மா நல்லாத் தெரியணும்டா. ஊரே அண்ணாந்து பாக்கணும்."

"ம்" என்றான் தம்பி.

அந்த 'ம்'மை நம்பினாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த முதல் முட்டாள்தனம்.

அடுத்த நாளிலிருந்து சலவைக்கூடத்தில் இதே பேச்சு. அங்கே அக்காவுக்கு ஒரு மரியாதை உண்டு. எந்தக் கறை வந்தாலும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர், எண்ணெய் மருந்து என்றால் சலவைக்காரம், பிள்ளைகள் வார்டில் கொட்டிக்கொள்கிற வர்ணம் என்றால் சோப்பும் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீரும். கறையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு "இது போகும்" என்பாள். போய்விடும். "இது போகாது" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"சுவர் உசரத்துக்குப் பெரிசு பண்றாங்களாம்" என்றாள் அக்கா, விரிப்புகளை உதறிக்கொண்டே.

இஸ்திரி உருளையில் நிற்கிறவளை எல்லோரும் உருளை என்றே கூப்பிடுவார்கள். ஆளும் அதற்கேற்ற உடம்பு. அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "சுவர் உசரம்னா உங்கம்மா எவ்ளோ பெரிசா இருப்பாங்கக்கா?"

"உன் உசரத்துல பாதி இருப்பா. அகலத்துல கால்வாசி."

"அய்ய, கொழுப்பைப் பாரு. அப்போ நான் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குவேன். யாரு லட்சணம்னு ஊர் சொல்லட்டும்."

"நில்லு, நில்லு. பெருக்க வந்தவ பக்கத்துல திங்க வந்தவன்னு எழுதி வைக்கச் சொல்றேன்."

கூடமே சிரித்தது. அக்கா எல்லோரையும் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டாள். வார்டில் நர்ஸுகளிடம் சொன்னாள். மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாள். கேட்டவரிடம் சொன்னாள், கேட்காதவரை நிறுத்தி வைத்துச் சொன்னாள். பெருக்கிப் பெருக்கியே செத்துப்போனவள், பெரிய மனுஷர்கள் உட்காருகிற நகரசபை மண்டபத்துச் சுவரில் நிற்கப்போகிறாள். இதைவிட ஒரு மகளுக்கு வேறென்ன வேண்டும்? அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் நகரசபைத் தலைவருக்கு இரண்டு நாற்காலி தள்ளித் தம்பி, புதுக் கோட்டில். அக்காவும் உருளையும் முன்னாலேயே இடம் பிடித்திருந்தார்கள். தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருவழியாகக் கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. கைதட்டல்.

என்ன அருமையான வேலை! கிரீடத்தின் ஒவ்வொரு கல்லும் துல்லியமாகத் தெரிந்தது. மேல்மாடத்து வளைவுகளில் நிழல் விழுந்திருப்பதுகூடத் தெரிந்தது. அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் கண் நேராகக் கீழே படிக்கட்டுக்குப் போயிற்று.

படிக்கட்டில் யாரும் இல்லை.

இடது ஓரமா வலது ஓரமா என்று ஒரு கணம் அவளுக்கே குழப்பம் வந்தது. இரண்டு ஓரமும் பார்த்தாள். வரிசை பிசகாமல் கல், கல்லுக்குப் பக்கத்தில் கல். அம்மா நின்ற இடத்தில் யாரும் எந்தக் காலத்திலும் நிற்காத மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"எங்கக்கா உங்கம்மா?" என்று உருளை காதில் கேட்டாள். கேலியாக இல்லை, நிஜமாகத்தான் தேடினாள். அதுதான் இன்னும் சுட்டது.

பின்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இவ்வளவுதானா? வானத்தை முட்டுச்சு, அது இதுன்னாங்க. பாத்தா மாடி வீட்டு உசரம்தான் இருக்கும் போல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறெரிகிறபோது வருமே, அந்தச் சிரிப்பு. மேடையைப் பார்த்தாள். தலைவர் தம்பியின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். தம்பி கூட்டத்தில் எல்லாப் பக்கமும் திரும்பிச் சிரித்தான். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் அவன் கழுத்து திரும்பவில்லை. எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சபை நடுவில் தம்பிக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து பழகிப்போன புத்தி, அந்த நேரத்திலும் அவள் வாயைப் பொத்தியது. அந்தப் புத்தியை நினைத்து அவளே பிறகு எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோ கதவைத் தள்ளிய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

"எங்கடா அம்மா?"

"அக்கா, மெதுவா. உள்ள ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களுக்கும் அம்மா இருப்பாங்கல்ல? கேக்கட்டும். எங்கடா?"

தம்பி மென்று முழுங்கினான். "நகரசபையில சொன்னாங்கக்கா. கோபுரம் மட்டும் போதும், ஆள் வேணாம்னு."

"யாரு சொன்னா? ஆளைக் காட்டு. நான் போய்க் கேக்கறேன்."

அவன் மேஜையில் கிடந்த பிலிம் டப்பாவை உருட்டினான். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி இதுவரை தலையைத் தூக்கவில்லை. இப்போது தூக்கினாள். "யாரும் சொல்லலைக்கா" என்றாள். "இவராத்தான் பண்ணினாரு. வேணாம்னு நான் சொன்னேன்."

"நீ சும்மா இரு!" என்று அவள் மேல் பாய்ந்தான். பிறகு அக்காவிடம் திரும்பினான். ஒளித்து வைக்க இனி ஒன்றுமில்லை என்று ஆனதும் அவனுக்கும் குரல் ஏறிவிட்டது. "ஆமா, நான்தான். என்ன இப்போ? மாசா மாசம் சங்கக் கூட்டம் அந்த மண்டபத்துலதான். நான் மேடையில உக்காந்திருப்பேன். எனக்குப் பின்னாடி துடைப்பத்தைப் புடிச்சுக்கிட்டு ஒருத்தி. யாருன்னு ஒருத்தன் கேட்டாப் போதும், நீ தண்டோரா போட மாட்டே? இப்பவே பாதி ஊருக்குச் சொல்லியாச்சு. மருந்துக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறாரு."

"சொல்லுவேன்டா. பெத்தவளைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்?"

"உனக்கில்ல. எனக்கு இருக்கு."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். கீழே பார்த்தான்.

 அக்கா குரலை இறக்கிப் பேசினாள். "அந்த வயித்துக்குள்ள யாரு இருந்தான்னு நினைச்சே? அவளை மட்டுமா அழிச்சே? உன்னையும் சேத்துத்தான்டா அழிச்சிருக்கே. முட்டாப் பயலே."

"அழிக்கலைக்கா" என்றான் தம்பி அவசரமாக. "மூடித்தான் வச்சிருக்கேன்."

உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தான். பெரிசாக்குகிற வேலையில் அவனுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புதுப் பிலிமில் கீறித் திருத்தினால் பெரிசாகும்போது அது பல்லை இளித்துவிடும். அதனால் பழைய படத்தின் மேலேயே வர்ணம் பூசிச் சரிசெய்து, அதைக் காப்பி எடுத்து, அப்புறம் வர்ணத்தைக் கழுவிவிடுவான். தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் அப்படித்தான் செய்வார்களாம்.

"போஸ்டர் பெயிண்ட்தான்க்கா. அடியில அம்மா அப்படியே இருக்காங்க. ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து எடுத்துத் தர்றேன், குடு."

அக்கா படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கோபுரத்தடியில் சாம்பல் நிறத்தில் கல் கல்லாகப் பூச்சு. சாய்த்துப் பார்த்தால் மற்ற இடம் மினுமினுக்க, அந்த இடம் மட்டும் மங்கலாக இருந்தது. தலை இருந்த இடத்தில் பூச்சு மற்ற இடத்தைவிடத் தடிப்பு. விரலால் தடவினால் ஒரு சின்ன மேடு தட்டியது.

"உன் கையில இன்னொரு தடவையா? நான் என்ன அவ்வளவு இளிச்சவாயா?"

"அக்கா, சொன்னாக் கேளு. நீ கை வச்சுடாதே. அதைப் பதமாத்தான்..."

"யாருக்குடா பதம் சொல்றே? கறை எடுக்கிறதை எனக்கு நீ சொல்லித் தர்றியா? பூசுறதுதான் உன் வேலை. எடுக்கிறது என் வேலை."

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அவன் பின்னாலேயே ஓடி வந்திருக்கலாம். தெருவில் கேட்கும்படி ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு அதுதான் பெரிசாகப் பட்டது.

அன்று மத்தியானம் கடைசிச் சுமை உலர்த்தப் போனதும் சலவைக்கூடம் காலியாயிற்று. அக்கா ஒரு பீங்கான் தட்டை எடுத்துக் கழுவினாள், இன்னொரு தடவை கழுவினாள். பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். படத்தை உள்ளே படுக்க வைத்து, நனைத்த துணி நுனியால் கீழேயிருந்து ஆரம்பித்தாள்.

முதலில் கால் வந்தது.

சாம்பல் பூச்சு கரைந்து விலக, இரண்டு கால்கள். ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று பின்னால்.  துடைப்பத்தின் நுனி வந்தது, குச்சி குச்சியாக. உடுப்பின் விளிம்பு வந்தது. வயிறு வந்தது. "வந்துட்டா, வந்துட்டா" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அம்மா கீழேயிருந்து மேலாக, அவள் கையிலேயே பிறந்துகொண்டு வந்த மாதிரி இருந்தது.

கழுத்தோடு நின்றுவிட்டது.

முகத்தில் இருந்த பூச்சு அசையவில்லை. மற்ற இடத்தில் ஒரு தடவை பூசியிருந்தால் அங்கே ஐந்தாறு தடவை அப்பியிருப்பான் போல. தேய்த்தாள். கொழகொழவென்று ஆயிற்றே தவிரப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற விட்டாள். அப்போதும் போகவில்லை. அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருக்கலாம். இல்லை, ஒருவேளை மாலை வரை ஊறவிட்டிருந்தாலே அது தானாக விட்டுக்கொடுத்திருக்கும். ஆனால் உடம்பு முழுக்க வந்து முகம் மட்டும் மூடியிருக்கிறபோது எந்த மகளால் சும்மா இருக்க முடியும்? அதுவும் இந்தக் கையை வைத்துக்கொண்டு? வர்ணம் கொட்டிய எத்தனை போர்வைகளை வெளுத்திருக்கிறாள்!

வர்ணத்துக்கு என்ன வழியோ அதையே செய்தாள். குழாயில் சுடுதண்ணீர் பிடித்து, புறங்கையை வைத்துப் பார்த்து, கை பொறுக்கிற சூட்டில் ஊற்றினாள். ஒரு சிட்டிகை சோப்பும் போட்டாள்.

பூச்சு கரைந்தது. சாம்பலாகப் புகை மாதிரி தண்ணீரில் கலைந்தது. அக்கா குனிந்தாள். தண்ணீர் தெளியட்டும் என்று காத்திருந்தாள். தெளிந்தபோது படம் சுருங்கிக்கொண்டிருந்தது.

தாள் சுருங்கவில்லை. தாளின் மேல் பசையாக ஒட்டியிருந்த படம்தான் சூட்டில் இளகிச் சுருங்கியது. ஆறின பாலின் ஏடு மாதிரி கோபுரம் சுருக்கம் சுருக்கமாக எழும்பி, ஒரு பக்கமாக வழுக்கியது. கிரீடம் மடிந்தது. படிக்கட்டு மடிந்தது. அக்கா பதறிப் போய் இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த இடமெல்லாம் கிழிந்து, பழுப்பாகக் கஞ்சி மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. முகம் எங்கே இருந்தது, எந்தத் துணுக்கில் இருந்தது, எதுவும் தெரியவில்லை. தட்டில் வெள்ளைத் தாள் மட்டும் மிதந்தது.

உருளை உள்ளே வந்தபோது அக்கா அந்தத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா தேடறே?"

 உருளை தட்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.  போய்ச் சுடுதண்ணீர்க் குழாயை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். கூப்பிடாமல், காரியம் எதுவும் இல்லாமல், அவனாக வந்தான். கையில் பஞ்சுப் பொட்டலம், ஒரு சின்னக் கிண்ணம், பூதக்கண்ணாடி. பெண்டாட்டி பேசவில்லையாம் அன்றிலிருந்து. அது மட்டும் காரணம் இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தூக்கமில்லாத கண்.

"உக்காருக்கா" என்று அவள் வீட்டில் அவளையே உட்காரச் சொன்னான். "படத்தை எடு. அம்மாவை எடுத்துடலாம். மண்டபத்துக்கும் வேற பெரிசு பண்ணித் தர்றேன், அம்மாவோட. எவன் என்ன கேட்டாலும் கேக்கட்டும். எங்கம்மாதான்னு நானே சொல்றேன்."

இந்த வார்த்தையை நாலு நாளைக்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அக்காவுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கென்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். 'உன் பூச்சுதான் எல்லாத்தையும் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. நீதான்டா அவளைக் கொன்னது' என்று அவன் மூஞ்சியில் எறிய வேண்டும், சாகிற வரைக்கும் அவன் அதைச் சுமக்க வேண்டும் என்று ராவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சுப் பொட்டலத்தோடு நிற்கிறவனைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அலமாரியைத் திறந்து தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் எடுத்துத் திருப்பினான். மறுபடியும் திருப்பினான். இரண்டு பக்கமும் வெள்ளை.

"சுடுதண்ணியா?"

"ம்."

"ஐயோ அக்கா."

அவ்வளவுதான் சொன்னான். நான்தான் சொன்னேனே என்று ஆரம்பிப்பான், ஆரம்பித்தால் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஆரம்பிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அழுது முடிக்கட்டும் என்று விட்டாள். பிறகு அவளும் எதிரே உட்கார்ந்தாள். கேட்கக் கூடாதவனிடம் கேட்கிறோமே என்று கூசியது. ஆனாலும் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

"நீ அந்தக் கண்ணாடியை வச்சுப் பாத்துத்தானே பூசினே?"

"ஆமா."

"அப்போ சொல்லு. எப்படி இருந்தா?"

அவன் நிமிர்ந்தான். பதில் தெரிந்த பிள்ளை மாதிரி அவசர அவசரமாகச் சொன்னான். கழுத்துப் பக்கம் ஒரு பட்டன் இல்லை, ஊக்கு குத்தியிருந்தது. துடைப்பம் பிடித்த கையில் ஒரு விரலுக்குத் துணி சுற்றியிருந்தது. காலில் செருப்பு இல்லை. துடைப்பம் இல்லாத கை வயிற்று மேல் இருந்தது.

"இடுப்புல" என்றாள் அக்கா. "திமிரா இடுப்புல கை வச்சுக்கிட்டு நிப்பா."

"இல்லக்கா. வயித்து மேலதான். உள்ளங்கையை வச்சு, தாங்கிப் புடிச்சிருந்தாங்க."

 இத்தனை வருஷம் தன் வீட்டுக் கதவுக்கு மேலேயே இருந்த படம். ஊக்கு அவளுக்குத் தெரியாது. துணி சுற்றிய விரல் தெரியாது. கைகூடத் தெரியாது. வீட்டிலேயே இருக்கிற முகம்தானே, எங்கே போய்விடப் போகிறது என்று எத்தனையோ வருஷமாக அவள் அண்ணாந்து பார்க்கவே இல்லை. மூன்று நாளாகக் கண்ணை மூடினால் கோபுரம் வந்தது. கல் கல்லாக வந்தது, கிரீடம் வந்தது. அம்மா இருக்கிற இடத்தில் பயறளவு ஒரு பழுப்புதான் வந்தது.

"முகம்?" என்றாள். "முகம் எப்படிடா இருந்துச்சு?"

தம்பி கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினான்.

"சொல்லுடா. எனக்கு வர மாட்டேங்குது. கண்ணு பெரிசா? என்னை மாதிரியா, உன்னை மாதிரியா?"

"அதைத்தான்க்கா முதல்ல மூடினேன்."

"ஏன்?"

"பாத்துக்கிட்டே இருந்துச்சு. கண்ணாடியை வச்சதும் நேரா என்னையே பாத்துச்சு. கை ஓடலை. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டு, கெட்டியாக் குழைச்சு ஒரேயடியா அப்பிட்டேன். மேல மேல அப்பினேன். அப்புறம்தான் மத்ததெல்லாம் நிதானமாப் பாத்தேன்."

அக்காவின் கை தானாக மேலே போயிற்று. அடிக்கத்தான் போயிற்று. பாதியில் அது எதற்கு என்றே அவளுக்குத் தெரியவில்லை. கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெத்த அன்னிக்கே போயிட்டாடா. உன் மூஞ்சியை அவ பாக்கவே இல்ல" என்றாள். "ஒரே ஒரு தடவை பாத்தா. அதையும் நீ மூடிட்டே."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நான் மட்டும் என்ன. நான் கழுவிக் கொட்டிட்டேன்."

வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா அவன் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, பஞ்சைப் பிய்த்துக் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். அவனுக்கும் ஒரு துண்டு கிள்ளிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுக்கவில்லை.